கஜா புயலின் சேதம் ஜிடிபியில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் ஒரத்தநாடு பக்கம் தென்னையை நம்பியிருந்த குடும்பங்களை எப்படிப் பாதித்தது என்று ஆய்வு செய்கிறேன். மாநில வளர்ச்சி விகிதத்தில் பெரிய சரிவு எதுவும் தெரியவில்லை. பிறகு எதை வைத்துப் பாதிப்பைக் காட்டுவது?

பதில்: மாநிலக் கணக்கில் தேடினால் கிடைக்காது. ஜிடிபி என்பது ஓர் ஆண்டின் உற்பத்திக் கணக்கு. அழிந்துபோன சொத்தை அது கழிப்பதில்லை. சாய்ந்த மரத்தை அறுத்து அள்ளிய கூலியும் புது மின்கம்பம் நட்ட செலவும் உற்பத்தியாகவே அதில் ஏறும். போதாததற்கு, ஸ்ரீபெரும்புதூர் கார்களும் சென்னை மென்பொருளும் சேர்ந்த பெரிய தொகையில் டெல்டா தேங்காய் எந்த மூலைக்கு?

சின்ன நாடு என்றால் அடி அப்படியே தெரியும். 2004இல் இவான் சூறாவளியால் கிரெனடா தீவுக்கு ஏற்பட்ட சேதம் அதன் ஓராண்டு ஜிடிபியைப் போல் சுமார் இரண்டு மடங்கு. முக்கிய ஏற்றுமதியான ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி விழுந்தன. மறு ஆண்டே கடனை மறுசீரமைக்க வேண்டி வந்தது.

நீங்கள் அளக்க வேண்டியது மீண்டு வர எத்தனை வருடம் ஆனது என்பதை. நெல் போனால் அடுத்த பட்டத்தில் பிடித்துவிடலாம். நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு வருடம். முழு மகசூலுக்கு இன்னும் மேலே. அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது, அதில் 500 வெட்டி அப்புறப்படுத்த. மிச்சம் 600 ரூபாயை வைத்துக்கொண்டு அந்த வருடங்களை எப்படி ஓட்டினார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள். நகை அடகுக்குப் போனதா, கறவை மாடு விலைக்குப் போனதா, பிள்ளை படிப்பை விட்டுத் திருப்பூருக்குப் போனானா? வளர்ச்சி நிரந்தரமாகக் குறைவது இந்த இடத்தில்தான். நகையை மீட்டுவிடலாம், நின்றுபோன படிப்பைப் பெரும்பாலும் மீட்க முடியாது.

தோப்புக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். மரம் ஏறுபவர், தேங்காய் உரிப்பவர், கயிறு ஆலைக்குப் போன பெண்கள் ஆகியோருக்கு மரக்கணக்கில் ஒரு ரூபாயும் வராது. அவர்களை விட்டால் ஆய்வு பாதிதான்.

அப்புறம், ஒப்பிடுவதற்குப் பொள்ளாச்சியை எடுக்கத் தோன்றும். வேண்டாம், அங்கே வெள்ளை ஈயும் வேர் வாடல் நோயும் மகசூலைக் குறைத்திருக்கின்றன. அதே வட்டாரத்தில் நெல்லை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களோடு ஒப்பிடுங்கள்.