கருவாடு மட்டும் வைத்த எலிப்பொறி

அன்புள்ள ஐயா,

கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸை (அதன் புரதங்களை வெட்டிப் பிரிக்கும் நொதி) தடுக்க ஒரு பெப்டைடு, அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலி, வடிவமைத்திருக்கிறேன்: ஆலனின்–வேலின்–லியூசின்–குளுட்டமின்–செரின்–கிளைசின். நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினி கணிக்கும் டாக்கிங் மதிப்பெண் மைனஸ் 9.8. இதை எங்கே செய்து வாங்கலாம்? செயற்கை நுண்ணறிவால் மேம்படுத்த முடியுமா?

எஸ்., முதுகலை உயிர்வேதியியல்

அன்புள்ள எஸ்.,

உழைத்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தீர்களா? வைரஸின் நீண்ட புரதத்திலிருந்து இந்த நொதி தன்னையே வெட்டிக்கொண்டு வெளியேறும் இடம் அது. வெட்டு விழுவது குளுட்டமினுக்கும் செரினுக்கும் நடுவில். பொருந்தாமல் என்ன செய்யும்? நீங்கள் செய்திருப்பது நொதிக்குத் தீனி. பொறியில் கருவாட்டைக் கட்டிவிட்டு விசையை மறந்துவிட்டீர்கள். எலி தின்றுவிட்டுப் போய்விடும்.

மதிப்பெண்ணை விடுங்கள். செயற்கை நுண்ணறிவையும் விடுங்கள்.

விசை என்பது, வெட்டுப்படும் பிணைப்பு இருந்த இடத்தில் வைக்கும் தொகுதி: ஆல்டிஹைடு, கீட்டோஅமைடு, நைட்ரைல், இப்படி ஏதாவது ஒன்று. நொதியின் 145ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனின் கந்தகம் அதைத் தாக்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். சரி என்று குளுட்டமின் நுனியில் ஆல்டிஹைடை ஒட்டிவிடாதீர்கள். குளுட்டமினின் சொந்தப் பக்கச்சங்கிலியே வளைந்து வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பொறி தன் வாலையே கவ்வியதுபோல. அதனால்தான் அந்தப் பக்கச்சங்கிலியை ஐந்து அணு லாக்டம் வளையமாகக் கட்டிப்போடுகிறார்கள். நொதி அதையும் குளுட்டமின் என்றே நம்பும்.

அடுத்தது குடல். இங்கேதான் பெரும்பாலான பெப்டைடுகள் செத்துப்போகின்றன. ஒவ்வொரு நைட்ரஜன்–ஹைட்ரஜனும் தண்ணீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொழுப்புச் சவ்வுக்குள் போக மறுக்கும். சார்ஸ் காலத்து பிஎஃப்-00835231 என்ற சேர்மம் நொதியை அருமையாகப் பிடித்தது, வாய்வழி ஏறவில்லை. ஹைட்ரஜன் தரும் தொகுதிகள் அதில் ஐந்து. பிறகு வந்த கொரோனா மாத்திரை நிர்மட்ரெல்வீரில் மூன்றுதான். லியூசின் இருந்த இடத்தில், ஹெபடைட்டிஸ் சி மருந்தான போசெப்ரெவீரில் பழகிய இரட்டை மெத்தில் வளையப் புரோலினை வைத்தார்கள். புரோலினின் நைட்ரஜனில் ஹைட்ரஜன் கிடையாது. நொதியோடு இருந்த ஒரு பிணைப்பு அதனால் போனது, தெரிந்தேதான் விட்டார்கள். கூடுதல் பிணைப்பு கூடுதல் நன்மை என்று உங்கள் மென்பொருள் நினைக்கும். குடலுக்கு அது சுமை. அத்தனையும் செய்த பிறகும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதி சிதைத்துவிடும் என்பதால், 300 மில்லிகிராம் நிர்மட்ரெல்வீரோடு, அந்தக் கல்லீரல் நொதியைத் தடுக்கும் ரிடோனவீர் 100 மில்லிகிராமையும் சேர்த்து, தினம் இருவேளை, ஐந்து நாள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சோதனைக்கு வந்தால் நான்கு இடத்தில் வழுக்கும். நொதியின் முன்முனையில் ஓர் அமினோ அமிலம் கூடுதலாக ஒட்டியிருந்தாலும் இரண்டிரண்டாக இணைந்தே வேலை செய்யும் அந்த நொதியின் இரட்டை சரியாகச் சேராது, வேகம் படுத்துவிடும். சிஸ்டீன் ஆக்சிஜனேறாமல் காக்கும் டிடிடி என்ற வேதிப்பொருள் இல்லாமல் அளந்தால் சிஸ்டீனை ஆக்சிஜனேற்றும் குப்பையெல்லாம் மருந்துபோலத் தெரியும். 50 நானோமோலார் நொதி போட்டுவிட்டு 5 நானோமோலார் ஐசி50 (நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் மருந்தின் அளவு) கண்டேன் என்று எழுதாதீர்கள். பாதி நொதிக்குக் கீழே, 25க்குக் குறைவாக, அது இறங்காது. வைரஸ் சோதனைக்கு வளர்க்கும் குரங்குச் சிறுநீரக வீரோ செல்லில் வேலை செய்யவில்லை என்றால் உடனே மனமுடையவும் வேண்டாம். அந்தச் செல் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும். இறைப்பானைத் தடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எங்கேயும் வேண்டாம். செரினையும் கிளைசினையும் தூக்கிப்போட்டுவிட்டு, லாக்டமும் நைட்ரைலும் வைத்துக் கையால் வரைந்து அனுப்புங்கள்.