அண்ணன் கையெழுத்திட்டார் என்பதால் அம்மாவைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: நான் புதுச்சேரி முதலியார்பேட்டையில் வசிக்கிறேன். 78 வயதான என் தாயாரை, 14 மாதங்களுக்கு முன் என் அண்ணன் கடலூருக்கு வெளியே தென்பெண்ணைக் கரையோரம் உள்ள கட்டண முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தார். முன்பணம் ரூ.2 லட்சம், மாதக் கட்டணம் ரூ.18,000. மூன்று வாரங்களுக்கு முன் போனபோது கம்பிக் கதவுக்கு வெளியே நிறுத்தி, பத்து நிமிடம் மட்டும் பேச விட்டார்கள். "ராத்திரி எழுந்தா விழுந்துடுவேன்னு கட்டிப் போடுறாங்க, கதவையும் வெளியே பூட்டிடுறாங்க, பாத்ரூம் போகணும்னா விடியற வரைக்கும் காத்திருக்கணும், என்னைக் கூட்டிட்டுப் போம்மா" என்று அழுதார். அதன் பிறகு, "கார்டியன் உங்கள் அண்ணன்தான், அவர் சொன்னால்தான் பார்க்க விடுவோம்" என்கிறார் மேலாளர். அம்மாவின் கைப்பேசி, ஆதார், குடும்ப ஓய்வூதிய ஏ.டி.எம். அட்டை எல்லாம் அவர்களிடமே இருக்கின்றன. வெளியேறுவதானால் மூன்று மாதக் கட்டணம் கட்ட வேண்டும், முன்பணம் திரும்பாது என்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர் வீட்டை அம்மா 2019-இல் அண்ணன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டதால், அவரைப் பகைத்துக்கொள்ளப் பயப்படுகிறார். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்துடன் வந்த சேர்க்கைப் படிவத்தின் நகலைப் படித்தேன். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நீங்கள் எடுத்த படத்தையும் பார்த்தேன். இடது மணிக்கட்டைச் சுற்றி வளையல் தடம்போல ஒரு சிவந்த கோடும், அதன் கீழ்ப் புறங்கையில் வீக்கமும் தெரிகின்றன. அந்தப் படத்தை எடுத்த நாளும் நேரமும் அழியாமல் மூலக் கோப்பாகவே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி போதாது.

முதலில் 'கார்டியன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உங்களைத் தடுத்து நிறுத்துவது அந்த ஒரு சொல்தான். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பாதுகாவலர்' என்று அச்சிட்ட இடத்தில் உங்கள் அண்ணன் கையெழுத்திட்டிருக்கிறார். அதனால் அவர் கட்டணத்துக்குப் பொறுப்பேற்றவர், அவசரத்தில் தகவல் தெரிவிக்கப்பட வேண்டியவர் ஆகிறார், அதற்கு மேல் எதுவும் ஆகவில்லை. சுயநினைவோடும் பகுத்தறியும் திறனோடும் இருக்கும் வயது வந்த ஒருவருக்கு, மகன் என்ற உறவினாலோ, கட்டணம் செலுத்துகிறார் என்ற காரணத்தாலோ, இன்னொருவர் சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. நீதிமன்றமோ சட்டம் அதிகாரம் அளித்த அமைப்போ நியமித்த உத்தரவு இருந்தால் மட்டுமே அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் உண்டு. உங்கள் தாயார் யாரைச் சந்திக்க வேண்டும், எங்கே வசிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவின் கீழ் அவருடையது. முதியோர் மாண்போடு வாழும் உரிமையை அஸ்வனி குமார் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம், 2007, 'பிள்ளைகள்' என்று குறிப்பிடும்போது மகனோடு மகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. தாயைப் பராமரிக்கும் கடமையைச் சட்டம் உங்கள் தலையிலும் வைத்திருக்கும்போது, அந்தக் கடமை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்க்க வந்த உங்களை வாசலில் நிறுத்தி 'நீங்கள் யார்' என்று கேட்க இல்லத்துக்கு இடமில்லை. மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் இந்த வாதத்தை மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்தது கட்டிப்போடுவதும் வெளியே பூட்டுவதும். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட வழியின்றி இறந்தார்கள். அவர்களைக் கட்டி வைத்தவர்களும் 'பாதுகாப்புக்காக' என்றுதான் சொல்லியிருந்திருப்பார்கள். உங்கள் தாயார் இருக்கும் இல்லமோ ஆற்றங்கரையில் இருக்கிறது. ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்ததை நாமெல்லாம் பார்த்தோம். அப்படிப்பட்ட ஓர் இரவில், கை கட்டப்பட்டு, வெளியே பூட்டிய அறைக்குள் இருக்கும் 78 வயதுப் பெண்மணியின் நிலையை நினைத்தே பார்க்க முடியவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக ஒரு எல்லைக்குள் அடைத்து வைப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆவது பிரிவின் கீழ் குற்றம். அடிப்படைத் தண்டனை ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டுமே. அடைத்து வைத்த நாள்கள் கூடக்கூடத் தண்டனையும் கூடும். வழக்கறிஞர்கள் பலரே எடுத்தாளாத 357-ஆவது பிரிவு ஒன்று அதே சட்டத்தில் உண்டு. நோயினாலோ உடல் தளர்ச்சியினாலோ தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாத ஒருவரைக் கவனித்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மாதம் ரூ.18,000 வாங்கிக்கொண்டு, இரவில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஆள் வைக்காமல் விடிய விடியக் காத்திருக்க வைப்பது இந்தப் பிரிவுக்குள் வரும் என்பது என் கருத்து.

'அம்மாவுக்கு மறதி நோய், அதனால்தான் கட்டுகிறோம்' என்று இல்லம் பதில் சொல்லக்கூடும். சொன்னால், அந்தப் பதில் அவர்களையே மாட்டிவிடும். நினைவாற்றல் பாதிப்பு மனநோய் என்ற அளவுக்குப் போயிருந்தால் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017 பொருந்தும். அதன் 97-ஆவது பிரிவு தனியறையில் அடைப்பதை அடியோடு தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதற்கும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரத்துக்கு மட்டும், காரணத்தையும் கால அளவையும் உடனே மருத்துவக் குறிப்பில் பதிவு செய்து செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் அதைச் செய்யக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் உங்கள் தாயார் தெளிவாகப் பேசுகிறார் என்றே தெரிகிறது. சந்தேகம் எழுந்தால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ பரிசோதித்துச் சான்று பெற்றுக்கொள்ளலாம்.

இனி நடைமுறை. இல்லம் தமிழ்நாட்டில் இருப்பதால் நீங்கள் நாட வேண்டியவை கடலூர் அலுவலகங்களே, புதுச்சேரி அலுவலகங்கள் அல்ல. இன்றே மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, சந்திக்க மறுத்த தேதிகளைக் குறிப்பிட்டு, கட்டிப்போடுவதை உடனே நிறுத்தவும் தாயாரைத் தனிமையில் சந்திக்க அனுமதிக்கவும் கோரி, விரைவு அஞ்சலில் அனுப்பிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்காகக் காத்திருக்காமல் அதன் நகலோடு மாவட்ட சமூக நல அலுவலரிடம் நேரில் மனு கொடுங்கள். தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் பதிவு பெற்றே நடத்தப்பட வேண்டும். அந்தப் பதிவும் ஆய்வும் அவருடைய அலுவலகத்தின் பொறுப்பில் வருகின்றன. அந்த இல்லம் பதிவு பெற்றதா, கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

அதே நாளில் கடலூர் வருவாய் கோட்டாட்சியரையும் பாருங்கள். பலர் அவரைப் பராமரிப்புத் தீர்ப்பாயத்தின் தலைவராக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அவரே உட்கோட்ட நிர்வாக நடுவரும் ஆவார். ஒருவர் குற்றமாகும் வகையில் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 100-ஆவது பிரிவின் கீழ் தேடுதல் ஆணை பிறப்பித்து அவரைத் தன் முன் கொண்டுவரச் செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. மனுவின் தலைப்பிலேயே இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அது வழக்கமான ஜீவனாம்ச மனுக்களின் கட்டில் போய்ச் சேர்ந்துவிடும். காவல் நிலையத்தில் 'இது எங்கள் எல்லை இல்லை' என்று சொன்னால், எல்லையைப் பாராமல் புகாரைப் பதிவு செய்யும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். முறை இப்போது அதே நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவிலேயே இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுங்கள். எங்கும் அசைவில்லை என்றால் அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவானாலும், உங்கள் தாயாருக்கு இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண் வழியாகவும் அணுகலாம்.

ஆதாரையும் ஏ.டி.எம். அட்டையையும் இல்லம் வைத்திருப்பதற்கு எந்தச் சட்ட அடிப்படையும் இல்லை. குடும்ப ஓய்வூதியம் உங்கள் தாயாரின் பணம். வங்கிக் கிளைக்கு அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து அட்டையை முடக்கி, கடந்த 14 மாதக் கணக்கு விவரத்தையும் வாங்குங்கள். இல்லத்துக்கு வந்து பார்க்கும் மருத்துவரிடம் உங்கள் தாயாரோ, அவர் அதிகாரம் அளித்து நீங்களோ சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால், மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அவர் கொடுத்தாக வேண்டும்.

முன்பண விஷயத்துக்கு வருகிறேன். கட்டணம் வாங்கிக்கொண்டு அளிக்கும் தங்குமிடமும் பராமரிப்பும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி 'சேவை'. பணம் கட்டியவர் அண்ணனாக இருந்தாலும், அவர் சம்மதத்துடன் சேவையைப் பெற்ற உங்கள் தாயாரும் நுகர்வோரே. ஆகவே புகார்தாரர் அவராக இருக்கட்டும், நீங்கள் அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக இருங்கள். மூன்று மாத அபராதம், திரும்பாத முன்பணம் ஆகிய ஷரத்துகளையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்குவதானால் அந்தப் புகாரை மாநில நுகர்வோர் ஆணையம்தான் விசாரிக்க முடியும். தமிழ்நாட்டில் தாக்கல் செய்வதானால் அதற்குச் சென்னை போக வேண்டும். உங்கள் நிலையில் நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். கட்டிப்போட்டதையும் பூட்டியதையும் சேவைக் குறைபாடு என்று வைத்து, குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று வைத்து, மாவட்ட ஆணையத்திலேயே முன்பணத்தையும் இழப்பீட்டையும் கேளுங்கள். மாதக் கட்டணம் 14 மாதத்துக்கு ரூ.2,52,000, முன்பணத்தோடு ரூ.4,52,000. ரூ.5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்யலாம் என்பதால், அம்மா உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் புதுச்சேரி ஆணையமே போதும். இரண்டு ஆண்டு காலவரம்பு இருப்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். முன்பணம் வரும்வரை அம்மா அங்கேயே இருக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பாக்கி இருந்தால் அவர்கள் வழக்குப் போடலாமே தவிர, மனிதரைப் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது.

வீட்டைப் பற்றி உங்கள் தாயாருக்குள்ள அச்சம் புரிகிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்தப் பராமரிப்பு கிடைக்காதபோது செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இந்தச் சட்டத்தை மூத்த குடிமக்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும், வீட்டின் சுவாதீனத்தைத் திருப்பித் தரவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் சொன்னது. எனவே பத்திரத்தின் வாசகத்தைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல இயலாது; சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். ஆனால் இப்போதே அதைக் கையில் எடுக்காதீர்கள். உங்கள் அண்ணன் கட்டணம் கட்டி வருகிறார். இரவில் நடப்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். கைவிட்டதாக 24-ஆவது பிரிவில் அவர் மீது புகார் கொடுக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான ஆதாரம் இல்லை, கொடுத்தால் அம்மாதான் முதலில் உடைந்து போவார். அந்தப் படத்தை அண்ணனுக்கு அனுப்பி, எழுத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கோட்டாட்சியர் முன்னிலையிலோ சமூக நல அலுவலர் உடனிருக்கும்போதோ அம்மாவைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்ததும், இல்லத்து ஊழியர் யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று அவரையே கேளுங்கள். உங்கள் வீடா, வேறொரு இல்லமா, திருப்பாதிரிப்புலியூரா என்பதில் உங்களுக்குப் பிடித்த பதிலாக அது இல்லாமலும் போகலாம். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்கி, நீங்கள் தாக்கல் செய்யும் ஒவ்வொரு மனுவுக்கும் முதல் இணைப்பாக அதை வையுங்கள்.