பதில் வரும் என்று நம்பியவர்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் எனக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மின்னஞ்சல் இல்லை. உறை, தபால்தலை, முத்திரை எல்லாம் உள்ள கடிதம். கல்லூரியில் என்னோடு படித்தவள் எழுதியிருந்தாள். விசேஷம் ஒன்றும் இல்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம், திடீரென்று ஒருநாள் என் ஞாபகம் வந்ததாம், அவ்வளவுதான். ஆனால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உறையை மேஜைமேல் வைத்துக்கொண்டு வேலைக்கு நடுவே எடுத்து எடுத்துப் பார்த்தேன். "தினமும் வாட்ஸ்அப்பில் பேசலாமே, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் எவ்வளவோ கஷ்டத்தில் இருக்கும்போது ஒரு கடிதத்துக்கு இப்படி மகிழ்வது சிறுபிள்ளைத்தனம்தானே?

இன்னொன்று. எங்கள் கூட்டத்தில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். சண்டை ஏதும் இல்லை, எப்படியோ தொடர்பு விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவள் எண் என்னிடம் இருக்கிறது. எழுதலாம் என்று போனை எடுப்பேன், இத்தனை நாள் கழித்து என்ன சொல்வது என்று வைத்துவிடுவேன். எழுதலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

சிறுபிள்ளைத்தனம் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த இடம் அந்த வெட்கம் ஒன்றுதான். மற்றவர்களின் துன்பத்தை நினைத்து நம் மகிழ்ச்சியைச் சுருக்கிக்கொள்வதால் அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. உங்கள் தோழி அனுப்பியது உங்களுக்காக. அதை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் பற்றி வீட்டில் கேட்டதும் நியாயமான கேள்விதான். நானும் தினமும் அதில்தான் பேசுகிறேன். ஆனால் கடிதத்தில் வேறொன்று நடக்கிறது. உங்கள் தோழி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், முகவரியைத் தேடி எடுத்திருக்கிறாள், உறையை ஒட்டித் தபால்பெட்டி வரை நடந்திருக்கிறாள். அதற்கப்புறம் எத்தனையோ நாள் அந்தக் காகிதம் விமானத்திலும் மூட்டையிலும் வந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் நீங்கள் வழக்கம்போல வேலைக்குப் போயிருப்பீர்கள், யாரிடமாவது சலித்துக்கொண்டிருப்பீர்கள், நம்மை யார் நினைக்கப் போகிறார்கள் என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியிருக்கலாம். அப்போதும் அது வந்துகொண்டுதான் இருந்தது. உறையைக் கையில் எடுத்ததும் அந்த நாட்கள் எல்லாமே சேர்ந்து உங்களிடம் வருகின்றன. கால் தரையில் பாவாமல் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வெளிநாட்டுத் தபால் எப்படி நம் வாசலுக்கு வருகிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடிதம் போக வேண்டுமானால் இரு நாடுகளும் தனியாக ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஜெர்மனியின் தபால்துறைத் தலைவர் ஹைன்ரிஷ் ஃபான் ஷ்டீஃபன் இதை மாற்ற வேண்டும் என்று விடாமல் முயன்றார். 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து கடிதங்களுக்கு ஒரே நிலப்பரப்பு என்று அதில் எழுதினார்கள். உலகத் தபால் சங்கம் பிறந்தது அப்படித்தான். அக்டோபர் 9 இன்றும் உலக அஞ்சல் தினம்.

அந்த ஒப்பந்தத்தில் என்னை நெகிழவைக்கிற இடம் வேறு. தபால்தலை விற்ற காசை, விற்ற நாடே முழுதாக வைத்துக்கொள்ளும். கடிதம் போய்ச் சேர்கிற நாட்டின் தபால்காரர் அதை வீடு வரை கொண்டுபோய்க் கொடுப்பார், அதற்காக அவருடைய நாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. இது எப்படிக் கட்டுப்படியாகும்? போகிற கடிதத்துக்குப் பதில் வரும், அந்தப் பதிலுக்கு அந்த நாடு தபால்தலை விற்கும், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தார்கள். கணக்கும் வழக்குமாக வாழ்கிற அரசு அதிகாரிகள், மனிதர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதுவார்கள் என்பதை அடிப்படையாக வைத்து உலகம் முழுவதற்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள்! ஏறத்தாழ நூறு வருஷம் அது ஓடியது. 1969ல் டோக்கியோவில் கூடியபோதுதான், அதிகமாக அனுப்புகிற நாடு பெற்றுக்கொள்கிற நாட்டுக்குப் பணம் தர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இடையில் 1906ல் ரோமில் நடந்த மாநாட்டில் பதில் கூப்பன் என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அதைக் கடிதத்தோடு வைத்து அனுப்பினால், பெற்றவர் தன் ஊர்த் தபால் நிலையத்தில் கொடுத்துப் பதிலுக்கான தபால்தலையை வாங்கிக்கொள்ளலாம். "நீ எழுது, செலவு என்னுடையது" என்று சொல்கிற ஒரு துண்டுச் சீட்டு.

சின்ன விஷயங்களுக்கு மகிழ்வது பற்றி ஓர் ஆய்வும் உண்டு. 1978ல் பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரிடம் பேசினார்கள். நண்பரோடு பேசுவது, காலை உணவு, ஒரு நகைச்சுவைக்குச் சிரிப்பது, யாராவது பாராட்டுவது, இதெல்லாம் எவ்வளவு இன்பம் தருகிறது என்று கேட்டார்கள். பணம் வெல்லாத மற்றவர்களைவிட அவர்கள் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். 22 பேரை வைத்து உலகத்துக்கே பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு நண்பரின் பேச்சு ருசிக்காமல் போவதை இழப்பு என்றுதான் நான் எண்ணுவேன். உங்களுக்கு அது ருசிக்கிறது.

சரி, மூன்றாவது தோழிக்கு வருவோம்.

பழைய நண்பர்கள் பல வருஷம் கழித்துச் சந்திக்கும்போது முதல் அரை மணி நேரம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். வேலை எங்கே, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று ஆள்மாற்றி ஆள் விவரம் கேட்டுக்கொள்வார்கள். எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்போது யாராவது ஒருவர் வாய்தவறிப் பழைய பட்டப்பெயரைச் சொல்லிவிடுவார். அத்தோடு சரி. அப்புறம் யாரும் யாரையும் 'நீங்கள்' என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்புகிறேன் என்று பையை எடுத்தவர் வாசலில் நின்றபடியே இன்னொரு அரை மணி நேரம் பேசுவார். வந்ததிலிருந்து பேசியதைவிட முக்கியமான பேச்சு பலசமயம் அங்கேதான் நடக்கிறது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிக்கூட நண்பன் ஒருவனைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவன், "உங்கப்பா வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்திட்டு ரெண்டு தடவை மணியடிப்பாரே, நாங்க கேரம்போர்டை அப்படியே விட்டுட்டு ஓடிருவோம்" என்றான். அப்பா காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த இரண்டு மணி எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அவருடைய புகைப்படங்கள் என்னிடம் இருக்கின்றன, கையெழுத்து இருக்கிறது, அந்தச் சத்தம் மட்டும் இல்லை. அதை அவன் இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறான், வைத்திருப்பது தெரியாமலே. அன்று நாங்கள் சந்திக்காமல் இருந்திருந்தால் எனக்கு அது கிடைத்தே இருக்காது.

உங்கள் வாழ்க்கையிலும் ஒரு பகுதி அந்தத் தோழியிடம் இருக்கிறது. அவளுடைய பகுதி உங்களிடம். அதனால் எழுதுங்கள் என்றே சொல்வேன்.

தயக்கம் உங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். லாரா ஆக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரு உளவியலாளர்கள் 2024ல் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொடர்பு விட்டுப்போன நண்பர் ஒருவரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கலந்துகொண்டவர்கள் அந்த நண்பர் மகிழ்வார் என்று நம்பினார்கள், தொடர்பு விவரமும் கையில் இருந்தது, செய்தியை எழுத நேரமும் கொடுக்கப்பட்டது. அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேசப் போவதற்கு எவ்வளவு தயங்குவார்களோ, அதே அளவு பழைய நண்பருக்கு எழுதவும் தயங்கினார்கள். காலம் போகப் போக அவர்களும் அந்நியர்போல ஆகிவிடுகிறார்கள் போலும். ஆனால் ஒன்று பலித்தது. முதலில் சில நிமிஷம், இப்போது பழகிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பவைத்து, அதன்பின் பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது பாதிப்பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள்.

ஆகவே நீங்களும் அந்த வரிசையில் செய்து பாருங்கள். முதலில் வெளிநாட்டுத் தோழிக்குப் பதில் எழுதுங்கள், காகிதத்தில். எழுதி முடித்த சூட்டோடு இன்னொருத்திக்கும் எழுதிவிடுங்கள். மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம். இத்தனை வருஷம் ஏன் எழுதவில்லை என்று நீங்கள் ஒரு பக்கம் விளக்கினால், உங்களைத் தேற்றுவது அவளுக்கு முதல் வேலையாகிவிடும். எதைப் பார்த்து அவள் ஞாபகம் வந்தது என்று சொல்லுங்கள். வெளிநாட்டுத் தோழியிடமிருந்து கடிதம் வந்ததைச் சொல்லுங்கள். சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பத்துக் கேள்வி வேண்டாம். ஒருவேளை பதில் வராமல் போகலாம். அவளுடைய நாட்கள் எப்படிப் போகின்றன என்று நமக்குத் தெரியாது. வற்புறுத்தாதீர்கள். எழுதியது அவளிடம் இருக்கும், அவளுக்கு முடிகிறபோது பார்ப்பாள்.

அவள் எண் மாறியிருந்தால் வெளிநாட்டுத் தோழியிடமே விசாரியுங்கள். இத்தனை வருஷம் கழித்து உங்கள் முகவரியையே கண்டுபிடித்தவள் அவள்.

அன்புடன்.