கேளுங்கள், சொல்கிறோம்: பேட்மேன் கொலை செய்யலாமா?

கேள்வி: பேட்மேன் ஆரம்பத்தில் கொலையே செய்தாராமே? அப்படியானால் அதுதானே அசல்? சினிமாவில் ஆளைக் கொன்றால் மட்டும் ஏன் ரசிகர்கள் கொதிக்கிறார்கள்?
- வாசகர், ராயபுரம்

பதில்: செய்தார்தான். 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழ், அவருடைய முதல் கதை. அதிலேயே வில்லன் ஒரே குத்தில் கம்பித் தடுப்பைத் தாண்டி அமிலத் தொட்டிக்குள் போகிறான். இவனுக்கு இதுதான் சரியான முடிவு என்று சொல்லிவிட்டுப் போகிறார் நம்மாள். 1940-ல் அவர் பெயரிலேயே வந்த முதல் இதழில், விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார்.

ஆனால் அவர் தாய் தகப்பனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த கதை 1939 நவம்பரில்தான் எழுதப்பட்டது. முதலில் கொன்றவருக்குப் பின்கதையே கிடையாது. 1940 ஏப்ரலில் அவருடைய சிறுவயதுக் கூட்டாளி ராபின் வந்தான். அந்த வருஷமே இதழின் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் துப்பாக்கிக்கும் கொலைக்கும் தடை போட்டார். 1954-ல் வந்த அமெரிக்க காமிக்ஸ் தணிக்கை விதிகள்தான் பேட்மேனின் பல்லைப் பிடுங்கின என்பார்கள். அந்தப் பல் 14 வருஷம் முன்பே விழுந்துவிட்டது. தொழில் கணக்கும் உண்டு. பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர், 1940-ன் அந்த முதல் இதழிலேயே சாக வேண்டியவன். ஆள் பிழைத்துக்கொண்டான் என்று கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தார்கள். சேர்க்காவிட்டால் இன்று ஜோக்கரே இல்லை.

கேள்வி: சூப்பர்மேன் மட்டும் பிறவியிலேயே சாதுவா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: 1938-ல் வந்த முதல் கதையிலேயே, பெண்டாட்டியை அடிக்கிறவனைத் தூக்கிச் சுவரில் வீசுகிறார். அரசியல் தரகனைத் தூக்கிக்கொண்டு கம்பிமேல் ஓடி, உளற வைக்கிறார். பிறகு ஒரு சுரங்க முதலாளியை அவன் சுரங்கத்துக்குள்ளேயே மாட்டவிட்டு, தொழிலாளி படும் பாட்டைக் காட்டுகிறார். பழைய முரட்டுத்தனத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டியது இதுதான் என்போம். இந்தக் கோபம் யார்மேல் என்று தெரிகிறது. இப்போதைய படங்களில் கட்டடம்தான் இடிகிறது.

1939 ஜனவரி கதையில் குடிசைப் பகுதியையே தரைமட்டமாக்குகிறார், அரசு நல்ல வீடு கட்டித்தரும் என்று. கதையில் கட்டியும் கொடுக்கிறது. சென்னையில் குடிசையை இழந்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மூட்டை கட்டியவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

கேள்வி: இரும்புக்கை மாயாவி நல்லவர்தானே?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: 1972-ல் தமிழில் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர். 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கியபோது திருடனாகத்தான் இருந்தார்; உளவாளி ஆனது பிறகு. ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் இங்கிலாந்து காமிக்ஸ் நாயகன்) அப்படியே, குற்றவாளிகளின் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பியவன். அவன் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியது சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல்! மனம் மாறுவதையே கதையாக்கினால் பழைய முரடும் வீணாகாது.

கேள்வி: காசிமேட்டை வைத்து, அடிக்கத் தயங்காத ஹீரோவை வரைகிறேன். ஜெராக்ஸ் போட்டுப் புத்தகமாக்க வேண்டும். எங்கே சறுக்கும்?
- வாசகர், காசிமேடு

பதில்: 16 பக்கம் வையுங்கள். ஏ4 தாள் நான்கை இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்து, நடுவில் பின் அடித்தால் புத்தகம். பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இல்லையென்றால் வெற்றுப் பக்கம் நிற்கும். மடித்த பக்கம் ஏ4-ல் பாதி என்பதால், ஏ4-ல் வரைந்து 71 சதவீதத்துக்குச் சுருக்குங்கள். 0.1 பேனாக் கோடு ஜெராக்ஸில் காணாமல் போகும், 0.5 எடுங்கள். எழுத்து 4.5 மில்லிமீட்டர் உயரம் இருந்தால்தான் சுருங்கிய பிறகு 3 மில்லிமீட்டராவது தேறும். வசனத்தை முதலில் எழுதி, பலூன் போட்டுவிட்டுப் படம் வரையுங்கள். தமிழ்ச் சொல் நீளம்; படத்தை முடித்துவிட்டு எழுதினால் பலூன் ஹீரோவின் மூஞ்சியில்தான் உட்காரும்.

அடிக்கு ஒரு பக்கத்தில் ஒரு கட்டம் போதும். ஐஸ் பெட்டி பிளந்து, மீனெல்லாம் சிதறி, ஒற்றைச் செருப்பு கிடக்கிறது, ஆளைக் காணோம் என்று அடுத்த கட்டத்தில் வரைந்தால், குத்தை வரைவதைவிட பலமாக விழும். எல்லாக் கட்டத்திலும் ரத்தம் தெளித்தால் கறுப்பு வெள்ளையில் அது மைக் கறை மாதிரிதான் தெரியும்.