சிறுசேரி ஏன் அவ்வளவு தூரத்தில்?

கேள்வி: என் மகளுக்குச் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் வசிப்பது பெரம்பூரில். பாதி நாள் சாலையிலேயே போய்விடுகிறது என்கிறாள். இத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பானேன்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதல் காரணம் நிலம். அண்ணா சாலையிலோ நுங்கம்பாக்கத்திலோ 70 ஏக்கர் நிலம் ஒரே துண்டாகக் கிடைக்காது, சிறுசேரியில் கிடைத்தது. தமிழக அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட், தன் வசமிருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தது. உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட்டைக் கொண்டு டி.சி.எஸ். நிறுவனம் அங்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் அலுவலகங்களை எழுப்ப முடிந்ததும் அதனால்தான்.

தூரத்தைக்கூட மன்னித்துவிடலாம், வரிசை தவறியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. தரமணியில் டைடல் பூங்கா 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் எதிரிலுள்ள திருவான்மியூருக்குப் பறக்கும் ரயில் வந்து சேர்ந்ததோ 2004-இல். நான்கு ஆண்டுத் தாமதமாவது பொறுக்கக்கூடியது. அதற்குத் தெற்கே சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டே போக, ரயில் மட்டும் திருவான்மியூரிலிருந்து வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிட்டது. தண்ணீரிலும் இதே கதைதான்: நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் திறக்கப்படும்வரை, அடுக்குமாடிகள் பெரிதும் நம்பியிருந்தது தண்ணீர் லாரிகளைத்தான், வழியெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டு முன்னால் ஊர்ந்து போகும் லாரிக்குப் பின்னால் காத்துக் கிடக்காதவர் அந்தச் சாலையில் அரிது.

உங்கள் மகளுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் பெரம்பூர் வழியாகத்தான் செல்கிறது. அது ஓடத் தொடங்கும்வரை, பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிப்பது, முழுத் தூரத்தையும் சாலையிலேயே கடப்பதைவிட உடம்புக்கு நல்லது. அலுவலகப் பேருந்து இருந்தால் அதுவே உத்தமம்.

கேள்வி: இந்த வளாகங்களுக்குக் கோட்டை போல மதிலும் காவலும் எதற்கு? உள்ளே உணவகம் இருந்தும் மாலையில் வாசல் டீக்கடையில் அத்தனை கூட்டம் ஏன்?
– ஒரு வாசகர், கேளம்பாக்கம்

பதில்: பல வளாகங்கள், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். வரிச் சலுகைக்காக, அந்த நிலம் நாட்டின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சட்டம் பாவிக்கிறது. ஆகவே உள்ளே போகும் கணினிக்கும் கணக்கு, வெளியே வரும் நாற்காலிக்கும் கணக்கு. மதில் இல்லாமல் அது நடவாது.

டீக்கடைக்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் வாழைக்காய் பஜ்ஜியுமாக நிற்பவர்களைக் கவனித்திருக்கிறேன். மேலாளரைப் பற்றி அங்கே பேசுவதை உள்ளே உணவகத்தில் பேச முடியுமா?