இருபது பேருக்கு ஓர் இல்லமா, நாலைந்து வீடுகளா?

கேள்வி: கிளிநொச்சியில் உள்ள எங்கள் சங்கத்துக்கு, லண்டனில் இருக்கும் ஊரவர் ஒருவர் இரண்டு ஏக்கர் காணியும் கட்டடச் செலவும் தருவதாகச் சொல்கிறார். பஸ் நிலையத்திலும் சந்தையிலும் படுத்துறங்கும் மனநோயாளிகளுக்காக இருபது பேர் தங்கும் இல்லம் கட்ட நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வரைபடம் கீறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இருபது என்ற கணக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் அது காணியின் அளவைப் பார்த்து வருகிற கணக்கு.

முதல் இரண்டு கிழமையும் இரவிலும் விடியப்புறத்திலும் போய் அவர்களோடு கதையுங்கள். தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள், பெயரைக் கேளுங்கள். ஊர்ப் பெயர் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வன்னியில் தெருவில் கிடப்பவர் எல்லோரும் ஆளில்லாதவர்கள் அல்ல. சிலருக்குச் சகோதரம் இருக்கும். சிலருக்கு அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியே இருக்கும். 2009இல் இடம்பெயர்ந்து முகாமுக்குப் போய்த் திரும்பியதில் பத்திரம் தொலைந்திருக்கும், எல்லைக்குள் வேறு யாரோ வேலி போட்டிருப்பார்கள். அவருக்கு வேண்டியது உங்கள் இல்லத்தில் ஒரு கட்டில் அல்ல. தன் காணியில் ஓர் அறை, ஒரு கக்கூசு, வந்து பார்க்க ஒரு மனுசர். கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் இந்தக் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இல்லாமல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் கேட்பதும் கஷ்டம், வங்கிக் கணக்கு திறப்பதும் கஷ்டம். பிறப்புப் பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பதற்கு நாளாகும், இன்றைக்கே தொடங்குங்கள்.

உண்மையிலேயே போக்கிடம் இல்லாதவருக்கும் பெரிய இல்லம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நல்ல மனதோடு தொடங்கிய இல்லங்கள் சில வருடத்தில் சின்ன ஆஸ்பத்திரியாக மாறிவிடும்: ஆறு மணிக்குச் சாப்பாடு, ஏழு மணிக்குப் படலைப் பூட்டு. தெருவில் கிடக்கும் மனநோயாளிகளுக்காகச் சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, நாலைந்து பேர் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில், உதவியாளர் ஒருவரின் துணையோடு சேர்ந்து வாழும் திட்டத்தையும் நடத்துகிறது. 1992இல் நியூயோர்க்கில் தொடங்கிய ‘முதலில் வீடு’ முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மருந்து குடித்தால்தான் வீடு, குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையே அங்கு இல்லை. கனடா 2009 முதல் ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு இதைச் சோதித்துப் பார்த்தது; வீட்டை முதலில் பெற்றவர்களே கூடுதல் காலம் வீட்டில் நிலைத்திருந்தார்கள். நீங்களும் திறப்பை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

அப்படியென்றால் மருந்து? அதற்குத்தான் ஆள் வேண்டும். மனநோய்க்கு மாதாமாதம் போடும் ஊசி தவறினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். ஊசி நாளை ஞாபகம் வைத்து, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வர ஒருவர் இல்லாவிட்டால் வீடு நிலைக்காது. ஆகவே ஆஸ்பத்திரி உளநலப் பிரிவோடு முன்கூட்டியே கதைத்து, கிளினிக் நாள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். லித்தியம் என்ற மனநோய் மருந்தை எடுப்பவர் வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக ஏறலாம். உதவியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வீடு பஸ் ஓடும் தெருவுக்குக் கிட்ட இருக்கட்டும், காட்டுக்கரையில் வேண்டாம். பெண்களுக்குத் தனி வீடு. சுற்றுக்கட்டு இல்லாத கிணறு இருந்தால் குடிபுக முன் கட்டு எழுப்புங்கள். பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். “விசர் வீடு” என்ற பேச்சு கிளம்பிய பிறகு போனால் பிந்திவிடும்.

லண்டன்காரரிடம் கட்டடத்துக்குப் பதிலாக ஐந்து வருட வாடகையும் உதவியாளர் சம்பளமும் கேட்டுப் பாருங்கள். கல்லில் தன் பெயர் இருக்கவேண்டும் என்று நின்றால், அந்தக் கிணற்றுக் கட்டில் எழுதிக் கொடுக்கலாம்.