‘டோல்ட்ரம்ஸ்’: துக்கத்தில் இருப்பவருக்கு இப்படி எழுதலாமா?

கேள்வி: என்னோடு வேலை செய்யும் தோழியின் அம்மா பத்து நாள் முன்பு தவறிவிட்டார். தோழிக்குத் தமிழ் தெரியாது. ‘ஐ நோ யூ ஆர் இன் த டோல்ட்ரம்ஸ்’ என்று ஆறுதல் எழுதலாமா? அகராதியில் ‘மனச்சோர்வு’ என்றுதான் போட்டிருக்கிறது.

பதில்: வேண்டாம், அனுப்பிவிடாதீர்கள். அகராதியில் தப்பில்லை. ஆனால் எந்த மாதிரிச் சோர்வு என்பதை அந்த ஒரு சொல் காட்டாது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்பகுதிக்கும் டோல்ட்ரம்ஸ் என்றுதான் பெயர். வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் வணிகக் காற்றுகள் (ஏறத்தாழ எப்போதும் ஒரே திசையில் வீசுபவை) அங்கே சந்திக்கின்றன. சூடேறிய காற்று மேலே எழும்பிவிடுவதால் கடல்மட்டத்தில் வீச்சு குறைந்துவிடும். பாய்மரக் கப்பல்கள் அங்கே நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டன. கொடியில் போட்ட ஈர வேட்டி மாதிரி பாய் தொங்கும். கப்பலில் ஓட்டை விழவில்லை, பாய் கிழியவில்லை, நகரத்தான் முடியவில்லை.

கடலிலிருந்துதான் இந்தச் சொல் மனதுக்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநிலையைத்தான் முதலில் குறித்தது. பிறகுதான் கப்பலுக்கும் கடலுக்கும் போனது. ‘ஏன் டல்லா இருக்கே?’ என்று நாம் கேட்கிறோமே, அந்த ‘டல்’லுக்கு உறவுக்காரச் சொல் இது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம்.

ஆகவே ஊக்கம் குன்றி, எதிலும் பிடிப்பில்லாமல் தேங்கிக் கிடப்பதற்கே இது பொருந்தும். தமிழில் ‘தொய்வு’ என்று சொன்னால் கிட்டத்தட்ட அதே உணர்வு வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இணைச்சொல் அது. வியாபாரம் மந்தமானால் ‘த மார்க்கெட் இஸ் இன் த டோல்ட்ரம்ஸ்’ என்று செய்தித்தாளில் தாராளமாக எழுதுவார்கள். முன்னால் ‘த’, கடைசியில் ‘ஸ்’ இரண்டையும் விடக்கூடாது. ‘ஐ ஆம் டோல்ட்ரம்’ என்றால் தவறு.

அம்மாவைப் பறிகொடுத்தவரின் நிலை தொய்வு அல்ல, இழப்பு. அதை டோல்ட்ரம்ஸ் என்றால், ‘கொஞ்சம் டல்லா இருக்கீங்க போல’ என்று சாவு வீட்டில் கேட்டதுபோல ஆகிவிடும். ‘டிப்ரெஷன்’ என்றும் எழுதாதீர்கள். அது மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டிய நோயின் பெயர்.

‘ஐ ஆம் சோ சாரி அபௌட் யுவர் மதர்’ போதும். அந்த அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை நீங்கள் ஒருநாளாவது பகிர்ந்து சாப்பிட்டிருந்தால், அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.